ஸ்ரைக் நாளில் நான் பூட்டிய கன்ரீன்

1. சாவி கைக்கு வந்த கிழமை

மரியா என்னிடம் சாவியைத் தந்தது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் போய்ப் பார்த்தால், கட்டிடத்தின் வாசலில் அங்கே வேலைசெய்யும் நாற்பது பேர் சுலோக அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பொறுப்பு என்று ஒன்று என் கைக்கு வந்தால் அது எப்போதும் இந்த மாதிரித்தான் வரும்.

ரொறன்ரோவில் ஏரிக்கரைப் பக்கமாக இருந்த ஒரு பெடரல் அலுவலகக் கட்டிடம் அது. காணியும் கட்டிடமும் மத்திய அரசாங்கத்துடையவை. கீழ்த்தளத்துக் கன்ரீன் மட்டும் மரியாவுடையது. அவள் போர்த்துக்கல்லிலிருந்து வந்தவள். பதினொரு வருடமாக அந்த இடத்தை லீசுக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள். கன்ரீனுக்கு இரண்டு கதவுகள். ஒன்று கட்டிடத்துக்கு உள்ளே, மற்றது தெருப்பக்கம்.

நான் எண்பத்துநாலில் வந்து, பார்க்டேலில் ஓர் அறையில் நான்கு பேரோடு படுத்தெழும்பி, அங்கே கோப்பை கழுவத் தொடங்கினேன். மூன்றாம் வருடம் என்னை சுப்பர்வைசர் ஆக்கினாள். முன்பு கழுவிய கோப்பைகளோடு கூடுதலாகப் பழியையும் சுமப்பவருக்குத்தான் அந்தப் பெயர்.

மரியாவின் மகளுக்கு மொன்றியலில் பிள்ளைப்பேறு. புறப்படும்போது சொன்னாள்:

“ஒரு கிழமைதான் சிவம். பாண் குறையக்கூடாது, கோப்பி ஆறக்கூடாது. மிச்சத்தை நீ பாத்துக்கொள்.”

அவள் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தது எங்கள் தமிழாகத்தான். இங்கே வரும் மற்றவர்களின் பேச்சையும் அப்படியே எழுதுகிறேன்.

2. ஹர்த்தால் என்று நினைத்தது

சமையல் செய்தவர் பரமண்ணை. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்டத் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தவர். தெருவுக்கு இந்தப் பக்கமே நின்று கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

“தம்பி, ஹர்த்தால்.”

“ஓம் அண்ணை.”

“திறந்தா கண்ணாடி மிஞ்சாது.”

அதற்கு மேல் எங்களுக்குள் ஆலோசனை தேவைப்படவில்லை. ஹர்த்தால் என்றால் கடை பூட்ட வேண்டும். ஊரில் அதில் பாதி மரியாதை, பாதி பயம். எது எந்தப் பாதி என்று ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் பாண் கம்பனிக்கும் பால் கம்பனிக்கும் போன் எடுத்து வரவேண்டாம் என்றேன். மரியாவுக்கும் எடுத்திருக்கலாம். மகளின் பிரசவ நேரத்தில் ஏன் தொல்லை என்று விட்டுவிட்டேன். ஒரு மட்டையில் ‘தொழிலாளருக்கு ஆதரவாக மூடப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தெருக்கதவில் தொங்கவிட்டேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. பெருமையாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் போனேன். திறக்க அல்ல, பார்க்க. இந்த ஊர் ஹர்த்தால் எப்படி நடக்கிறது என்று அறிய எனக்கு ஒரே ஆவல். எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்றுமே பிடிபடவில்லை. மடக்குக் கதிரை கொண்டுவந்திருந்தார்கள். பாட்டுப் பாடினார்கள். பொலிஸ்காரன் ஒருவன் அவர்களோடு ஹொக்கி கதைத்துக்கொண்டு நின்றான். எந்தக் கண்ணாடிக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணியானதும் நாலைந்து பேராக எங்கோ போய்க் கோப்பியோடு திரும்பி வந்தார்கள். கடைகள் எல்லாம் திறந்திருந்தன. தெரு முழுவதிலும் பூட்டியிருந்தது எங்கள் கன்ரீன் மட்டும்தான்.

3. டொரிஸ் கடந்து வந்தாள்

டொரிஸ் எங்கள் வாடிக்கை. ஒரு கோப்பைக்கு இரண்டு தேயிலைப் பை கேட்கும் ஒரே ஆள். அன்றைக்குக் கையில் பட்டி கட்டியிருந்தாள். வாசலை மறித்து நின்ற பிக்கற் லைனுக்கு அவள்தான் தலைவி. முதல்நாள் பின்வாசலில் நின்றதால் எங்கள் கதவை அவள் காணவில்லையாம். என்னைக் கண்டதும் தெருவைக் கடந்து வந்தாள்.

“சிவம், ஆருக்கும் சுகமில்லையோ? ஏன் கடை பூட்டு?”

“உங்களுக்கு ஆதரவா.”

“ஆர் கேட்டது?”

நான் கதவில் தொங்கிய மட்டையைக் காட்டினேன்.

“எங்கடை சண்டை அரசாங்கத்தோடை. மரியா எங்களுக்கு என்ன செய்தவள்? நாங்கள் இந்தக் குளிருக்கை மூண்டு தெரு நடந்து போய்க் கோப்பி குடிக்கிறம்.” பிறகு திடீரென்று கேட்டாள்: “எத்தினை நாளாப் பூட்டு?”

“நேற்றும் இண்டைக்கும்.”

அவளுடைய முகம் மாறிவிட்டது. மேல்மாடியில் அவளுடைய வேலையே, அரசாங்க நிலத்தில் இருக்கும் தனியார் கடைகளின் லீசுகளைப் பார்ப்பதுதான். எங்கள் கன்ரீன், பக்கத்துக் கார்த் தரிப்பிடம், படகு திருத்தும் இடம் எல்லாம் அவளுடைய மேசைக்கு உட்பட்டவை.

“எழுத்திலை அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூண்டு வேலைநாள் பூட்டினா, இடத்தைக் கைவிட்டதாத்தான் அர்த்தம். லீஸ் முடிஞ்சுது. பெரிய கம்பனி ஒண்டு ரெண்டு வருசமா உந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கு.”

“நீங்கள்தானே ஸ்ரைக். அரசாங்கம்தானே மூடிக்கிடக்கு?”

“அரசாங்கம் மூடினா அரசாங்கம். நீர் மூடினா நீர்.”

“அப்ப அனுமதியை இப்ப எடுக்கேலாதோ?”

“எடுக்கலாம். அதை எழுதிறது நான். நான் ஸ்ரைக்கிலை நிக்கிறன்.”

“கட்டிட மனேஜர்?”

“அவர் எழுதமாட்டார். அவருக்கு அந்தக் கம்பனியிலை கொஞ்சம் விருப்பம்.”

ஒரு துண்டிலாவது எழுதித் தாங்கோ என்று கெஞ்சினேன். கோபிக்காமல் தலையை ஆட்டினாள்.

“மாட்டன் சிவம். நான் ஒரு வரி எழுதினாலும் வேலைக்குப் போனமாதிரித்தான். நாளைக்குத் திறவும்.”

மரியாவின் பதினொரு வருடத்தை ஒரு மட்டையாலும் என் அழகான கையெழுத்தாலும் நான் முடித்துவைக்கப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்த மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிட நான் கொடுத்திருந்த பத்திரங்களிலும் இந்தக் கன்ரீன் வேலைதான் எழுதியிருந்தது. வெட்கத்தில் டொரிஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

4. புதன்கிழமை

செவ்வாய் பின்னேரமே பாண் கம்பனிக்குப் போன் எடுத்துத் திரும்ப வரச் சொல்லியிருந்தேன். பாண் லொறிச் சாரதியும் யூனியன்காரன். பிக்கற் லைனை அவன் தாண்டமாட்டான். தட்டுகளைத் தெருவுக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். நானும் பரமண்ணையும் தூக்கினோம்.

“தம்பி, முதுகிலை கல்லு விழுந்தா நான் பொறுப்பில்லை.”

டொரிஸ் கையை உயர்த்தினாள். வரிசை விலகியது. யாரோ ஒருவன் அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களுக்குக் கதவைப் பிடித்தான்.

எட்டு மணிக்குக் கட்டிட மனேஜர் உள்கதவால் வந்தார். கையில் ஒரு படிவம்.

“இண்டைக்கும் பூட்டெண்டெல்லோ நினைச்சன்.”

“இல்லை சேர். கோப்பி சூடா இருக்கு.”

படிவத்தை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டுக் கோப்பி வாங்கினார்.

மத்தியானம் தெருக்கதவால் ஸ்ரைக்காரர்கள், உள்கதவால் மனேஜர்மார். இரண்டு பகுதியும் ஒரே சூப்புக்கு ஒரே வரிசையில். இப்போது அடிபடப்போகிறார்கள் என்று பரமண்ணை கத்தியையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தார். அட்டை பிடித்தவன் தனக்கு முன்னால் நின்ற மேலதிகாரியிடம் கேட்டது ஒன்றுதான்: “உங்கடை பூனைக்கு ஒப்பரேசன் எப்பிடி?”

“உவங்கள் என்ன மாதிரி ஆக்கள்!” என்றார் பரமண்ணை.

5. பதிவுத்தபால்

அடுத்த கிழமை எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். மரியாவும் வந்தாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். போர்த்துக்கீசில் திட்டினாள். மொழி தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

மூன்றாம் நாள் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் வந்தது. அனுமதியின்றி இரண்டு வேலைநாட்கள் மூடியதற்கு எச்சரிக்கை. இந்த வருடத்தில் இன்னொரு தடவை நடந்தால் லீஸ் புதுப்பிக்கப்படாது. கீழே டொரிஸின் கையெழுத்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு அவள் வழமைபோல வந்தாள். தேத்தண்ணியையும் கடிதத்தையும் ஒன்றாக அவள் முன்னால் வைத்தேன்.

“இது நீங்கள் எழுதினதோ?”

“ஓம்.”

“நீங்கள்தானே வந்து எனக்குச் சொன்னனீங்கள்?”

“ஓம். ரெண்டு நாள் பூட்டினது உண்மைதானே?”

“உண்மை.”

“அதை எழுதிறது என்ரை வேலை. மூண்டாம் நாள் பூட்டியிருந்தா அதையும் நான்தான் எழுதியிருப்பன்.” ஒரு வாய் குடித்தாள். “அதை எழுத எனக்கு விருப்பமில்லை, சிவம். அதுதான் ரோட்டைக் கடந்து உம்மட்டை வந்தனான்.”

அரசாங்க இடத்தில் கடை எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அரசாங்கம் மூடினால் உங்கள் கடையும் மூடியதாக நீங்களே முடிவு கட்டாதீர்கள். லீஸைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். அன்று பின்னேரம் மரியாவிடம் கேட்டு வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு இருபத்தொரு பக்கத்தையும் நான் வாசித்தேன். எத்தனை மணிக்குத் திறப்பது, குப்பையை எங்கே வைப்பது, யார் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று எல்லாம் இருந்தது. டொரிஸ் ரோட்டைக் கடந்து வரவேண்டும் என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.