நான் எழுதிய எழுபத்து நாலு

1986-ஆம் வருஷம். ராமநாதபுரத்தில் ஒரு நர்சிங் பள்ளியில் நான் சேர்ந்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது. உத்தரகோசமங்கைக்குத் தெற்கே, மிளகாய் விவசாயம் பார்க்கிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது அய்யா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“ரத்தத்தப் பாத்துப் பயமாருந்தா ஒரு லெட்டர் போடு. வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்.”

ரத்தம் என்னை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு இருந்ததெல்லாம் அடங்காத ஆர்வம். தர்மாமீட்டருக்குள் பாதரசம் ஏன் தானாகக் கீழே இறங்குவதில்லை, வகுப்பில் தொங்கும் எலும்புக்கூடு ஆணா பெண்ணா என்று எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி. நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்த அன்றிலிருந்து ஹாஸ்டலில் என் தொல்லை தாங்கவில்லை. சிக்குகிறவர்கள் கையையெல்லாம் பிடித்து எண்ணுவேன். சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை. சமையல்கார அக்காவுக்கு அடுப்படியில் நிற்கும்போது எவ்வளவு, உட்கார்ந்தால் எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வாட்ச்மேன் அண்ணன் நான் வருவதைப் பார்த்தாலே பேசாமல் கையை நீட்டிவிடுவார்.

மூன்றாவது வாரம் எங்களைப் பெண்கள் வார்டுக்கு அழைத்துப் போனார்கள். முதல் நாளே மானம் போனது. ஒரு நோயாளிக்கு நாடி எண்ணி, “நூத்திப் பதினெட்டு மேடம்” என்று சத்தமாகச் சொன்னேன். எங்கள் ஆசிரியை தானும் கையைப் பிடித்துப் பார்த்தார். எண்பத்திரண்டு.

“கட்டை விரலை வச்சா எண்ணினே?” என்று கேட்டார். தலையாட்டினேன். “அப்ப நீ எண்ணினது இந்த அம்மாவோட நாடியை இல்ல, உன்னோட நாடியை. கட்டை விரல்லயே துடிப்பு உண்டு. ஏன் இவ்வளவு வேகமா ஓடுது, பயமா?”

கூட வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில் நோயாளியும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. இனிமேல் தப்பான எண் ஒன்று என் வாயிலிருந்து வரக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். வினையே அந்த முடிவில்தான் வந்தது.

மறுநாள் காலை எனக்கு ஒதுக்கிய கட்டிலில் ராமேஸ்வரம் தீவிலிருந்து வந்த ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூச்சிரைப்பும் கால் வீக்கமுமாக வந்து சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. இதயத்தில் கோளாறு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. கடலுக்குள் முங்கிப் பாறையில் இருக்கும் பாசியைப் பறித்து வந்து விற்பதுதான் அவருக்குத் தொழில். விரலெல்லாம் பாறை கிழித்த பழைய தழும்புகள்.

கடலை நான் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்தவள். நான் விடுவேனா? “தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம்க்கா மூச்ச அடக்குவீங்க?” என்று ஆரம்பித்தேன்.

“மூச்ச அடக்குறது ஒன்னும் பெருசில்ல தாயி. உள்ள போயிக் கண்ணத் தொறந்து வச்சிருக்கணும் பாரு, அதான் பாடு” என்றார். குரல் சோர்ந்திருந்தது. காலையில் கொடுத்த இட்லி தொடாமல் கிடந்தது.

பேசிக்கொண்டே கையைப் பிடித்தேன். இந்தத் தடவை கட்டை விரல் இல்லை, மூன்று விரல்கள். ஒரு நிமிஷம் எண்ணினேன். நாற்பத்தாறு.

அப்படி இருக்கவே இருக்காது என்று தோன்றியது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தெட்டு. நடுவில் ஒன்றிரண்டு துடிப்பு விட்டு விட்டு வந்த மாதிரியும் இருந்தது. நான்தான் தவறவிடுகிறேன் என்று நினைத்தேன். கடலுக்குள் மூச்சடக்குகிறவர்களுக்கு நாடி மெதுவாகத்தான் ஓடுமோ என்றும் ஒரு யோசனை வந்தது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் ஆசிரியை நாலு கட்டில் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி நேற்றுச் சிரித்த அதே பிள்ளைகள்.

சார்ட்டைப் பார்த்தேன். முந்தின நாள் எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தது. அதையே எழுதினால் பார்த்து எழுதியது தெரிந்துவிடும் என்று எழுபத்து நாலு என்று எழுதினேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எழுதிவிட்டு நகரப் போனவளை அவர் கூப்பிட்டார்.

“ஏந்தாயி, செவத்துக்கு எப்ப மஞ்ச அடிச்சாக?”

சுவர் வெள்ளைச் சுண்ணாம்பு. அப்படியே சொன்னேன்.

“இல்லையே. உன் உடுப்புங்கூட மஞ்சளாத்தான் தெரியுது. நேத்துலருந்து இப்பிடித்தான். அந்த இட்லியப் பாரு, மஞ்சப் பொடியப் போட்டுக் கெளறுன மாதிரி இருக்கு. அதான் வாயில வைக்க முடியல, கொமட்டுது.”

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. மஞ்சள் காமாலையாக இருக்குமோ என்று அவர் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி வெள்ளையாகவே இருந்தது. நகத்தில் மஞ்சள் இல்லை. பின்னே ஒரு மனுஷிக்கு உலகமே எப்படி மஞ்சளாகத் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று நேரே ஆசிரியையிடம் போனேன். கவலைப்பட்டுப் போனேன் என்று சொன்னால் பொய். ஒரு விந்தையைக் கண்டவளாகத்தான் போனேன்.

“மேடம், ஒருத்தருக்குப் பாக்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியுமா?”

அவர் சட்டென்று திரும்பினார். “யாருக்கு? அந்தத் தீவுக்கார அம்மாவுக்கா? குமட்டுதுன்னு சொல்றாங்களா?”

“ஆமா மேடம்.”

“இதயத்துக்குச் சாப்பிடுற மாத்திரை உடம்புல அதிகமாச் சேர்ந்துட்டா அப்படித் தெரியும். அதோட நாடியும் ரொம்ப இறங்கிடும், அறுபதுக்குக் கீழ போனா அந்த மாத்திரையைக் குடுக்கவே கூடாது. நீதானே நாடி பாத்தே? எவ்வளவு?”

திரும்பிப் பார்த்தேன். ஸ்டாஃப் நர்ஸ் மாத்திரைத் தட்டுடன் அந்தக் கட்டிலருகே நின்று சார்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மாத்திரையை எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார். அந்த அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

ஓடினேன். வார்டுக்குள் ஓடக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

“குடுக்காதீங்க சிஸ்டர்! அந்த எழுபத்து நாலு பொய். நான் எண்ணினது நாப்பத்தாறு!”

வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஸ்டாஃப் நர்ஸ் மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பின்னாலேயே வந்த ஆசிரியை ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினார். நாற்பத்து நாலு. டாக்டரை வரவழைத்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்ன டாக்டருக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. கொடுத்ததோ குறைந்த அளவு. அதற்கு இவ்வளவு தூரம் ஆகக் கூடாதே என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஆசிரியை என்னைத் திட்டவில்லை. “இங்கேயே உக்காரு. கால் மணிக்கு ஒரு தடவை எண்ணு. என்ன வருதோ அதை எழுது. சாயங்காலம் என் ரூமுக்கு வா” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அய்யாவுக்கு லெட்டரில் என்ன எழுதுவது என்று மனசுக்குள் வார்த்தை கோக்க ஆரம்பித்துவிட்டேன்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் கேட்டார்.

“பொய்யின்னியே, என்ன பொய் தாயி?”

மறைக்கத் தோன்றவில்லை. முந்தின நாள் சிரித்ததிலிருந்து, இன்றைக்குச் சார்ட்டில் எழுதியது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகப் புடவை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்துக் காட்டினார். இத்தனூண்டு வெள்ளை மாத்திரைகள்.

“நானுந்தான் ஒரு பொய் சொல்லிட்டேன். இங்க சேக்கும்போது டாக்டரு கேட்டதுக்கு, வீட்லருந்து எந்த மாத்திரையும் கொண்டாரலைன்னுட்டேன். முன்ன பாத்த டாக்டரு குடுத்தது. ரெட்டையாப் போட்டா வெரசாச் சரியாப் போகும், பாசி நல்லா விளைஞ்சு கெடக்குற நேரத்துல கடலுக்குப் போயிறலாம்னு நானா முழுங்கிக்கிட்டிருந்தேன். இன்னைக்கும் காலையில ஒன்னு போட்டேன்.”

“ரெண்டும் ஒரே மாத்திரையாக்கா?”

“எனக்கென்ன எழுத்தா தெரியும்? நீயே பாத்துச் சொல்லு. அதுக்குத்தான எடுத்துக் குடுக்குறேன். மாதா சத்தியமா, வேற ஒளிச்சு வைக்கல.”

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் ஓடினேன். ஒரே மாத்திரைதான். ஆஸ்பத்திரியில் நிறுத்தியிருந்தாலும் அவர் தன் பாட்டுக்கு முந்தானையிலிருந்து எடுத்து விழுங்கிக்கொண்டே இருந்திருப்பார். “அது தொடர்ந்திருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டாங்க” என்று டாக்டர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

சாயங்காலம் ஆசிரியையின் அறைக்குப் போனேன். “வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா மேடம்?” என்று நானே கேட்டுவிட்டேன்.

“பொய் எழுதினதுக்கு அனுப்பத்தான் வேணும்” என்றார். “ஆனா, மாத்திரை உள்ள போறதுக்குள்ள நீயே ஓடிப்போய் உண்மையைச் சொல்லிட்டே” என்று சேர்த்தார். “நாளைக்குக் காலையில வகுப்புல எந்திரிச்சு, நடந்ததை நீயே சொல்லு. ஒன்னும் விடாமச் சொல்லு. அப்புறம் வேலையைப் பாரு.”

மறுநாள் சொன்னேன். இருபது பேர் முன்னால். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் இரண்டு பெண்கள் என்னிடம் வந்து, தாங்களும் மூச்சு எண்ணாமலே இருபது என்று எழுதியிருக்கிறோம் என்று மெல்லிய குரலில் சொன்னார்கள். மூன்று பேருமாக அன்றைக்கே வார்டுக்குப் போய் மறுபடி எண்ணினோம்.

அந்தப் பெண்ணுக்கு நாடி மெல்ல மெல்ல ஏறியது. நாலைந்து நாளில் சுவர் வெளுத்தது. ஒரு காலையில் என்னைப் பார்த்து, “இன்னைக்கித்தான் உன் உடுப்பு வெள்ளையாருக்கு” என்றார். வீடு திரும்பும் அன்று கையை நீட்டினார்.

“கடைசியா ஒருக்காப் பாத்துச் சொல்லு. எத்தனை?”

“அறுபத்தெட்டு.”

“நெசமாவா?”

“நெசமாக்கா.”

இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

எத்தனையோ வார்டுகளில் வேலை பார்த்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்த ஏதாவது ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, “நான் எண்ணினது சரியான்னு தெரியலை சிஸ்டர், நீங்க ஒரு தடவை பாருங்களேன்” என்று சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. தெரியவில்லை என்று வாய் திறந்து சொல்கிறவளை நம்பி எந்தக் கட்டிலையும் ஒப்படைக்கலாம் என்பதை, ஒரு பொய்யான எண்ணை எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன்.