சுவர் தாண்டி வந்த நத்தைகள்

மாத்தளையில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் குடியிருந்தார். நெற்றி நிறைய விபூதி, மடித்துக் கட்டிய சாரம்.

எனக்குச் சீனி வியாதி வந்த பிறகு தோட்டம்தான் ஆறுதல். வெயில் காலமெல்லாம் தண்ணீர் சுமந்து, மழைக்கு வல்லாரை தழைத்து நிற்பதைப் பார்த்தால், முருகன் புண்ணியத்தில் மனசு லேசாகிவிடும்.

போன ஐப்பசி மழையில் மூன்றே நாளில் பாத்தி மொட்டையானது. உள்ளங்கை அளவு நத்தைகள், இலையெல்லாம் சளி. நாலாம் நாள் காலையில் பார்த்தால், தபால்காரர் தன் தோட்டத்து நத்தைகளை வெறுங்கையால் பொறுக்கி எங்கள் பக்கம் போடுகிறார்!

"சீ! என்னங்க அண்ணே இது?"

"கோவப்படாதீங்க தங்கச்சி. கந்த சஷ்டி விரதம், உயிரக் கொல்லக் கூடாதுங்களே. நீங்க உப்புப் போட்டுடுங்க."

"நானும் விரதந்தாங்க!"

"அப்ப அந்தப் பக்கமும் ஒரு சுவரு இருக்குதுங்களே" என்று, சளிக் கையைச் சாரத்தில் துடைத்தபடி சிரித்தார்.

உப்பைக் கையில் எடுத்தேன். போட மனசு வரவில்லை. நத்தைகளை வாளியில் பொறுக்கிக்கொண்டு மறுபக்கச் சுவருக்குப் போனேன். அங்கே கத்தரிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அந்த வீட்டு டீச்சரம்மா நிமிர்ந்து, "வாளியில என்னங்க அக்கா?" என்றார்.

அதற்குப் பிறகு அந்த மனிதரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.