அந்தக் கடிதம் அதே அலுவலகத்துக்குத்தான் போகும்

சுவீடனில் அதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஐயா கிடையாது, மேடம் கிடையாது. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கே வந்து இருபது வருடமாகியும், கொம்யூன் என்று இவர்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்து "வணக்கம், ஆன்னா" என்று ஆரம்பிக்கும்போது எனக்கு நாக்கு தடுக்கும். அந்த ஆன்னாவிடம்தான் என் கணவருக்கு உதவியாள் கேட்டு மனுக் கொடுத்திருந்தேன். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவரைக் குளிப்பாட்டவும் சாப்பிட வைக்கவும் ஆள் வேண்டும். ஏழு மாதம் பதிலில்லை. கேட்டால், "மனு எதுவும் வரவில்லையே" என்றாள். நானே அவள் கையில் கொடுத்த மனு.

பக்கத்து வீட்டு பிர்கித்தா, ஓய்வுபெற்ற ஆசிரியை, "ஓம்புட்ஸ்மனுக்கு எழுது" என்றாள். அரசு அலுவலகங்கள்மீது வரும் புகார்களை விசாரிப்பதற்கென்றே இருக்கும் அதிகாரி அவர். அங்கே போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: "நான் புகார் செய்தால் அது கொம்யூனுக்குத் தெரியவருமா?"

"கட்டாயம்! உங்கள் கடிதத்தை அவர்களுக்கே அனுப்பி விளக்கம் கேட்போம்" என்றது உற்சாகமான ஒரு பெண்குரல். எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்திருக்கிறாள். நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பா மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதார். உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம். ஊர்க் கணக்குப் பார்த்த கர்ணம் ஏற்ற மறுத்தார். "இப்ப நம்ம ஆட்சி. கலெக்டருக்கே எழுதுவோம்" என்றார் அப்பா. அவருக்கு எழுத வராது. எட்டாம் வகுப்பில் இருந்த நான்தான், தப்பு வந்துவிடக் கூடாதென்று மூன்று முறை எழுதினேன். மனு கலெக்டரிடமிருந்து தாலுகா ஆபீசுக்குப் போய், விசாரணைக்கென்று அதே கர்ணத்தின் கைக்கு வந்தது. மறுநாள் காலையில் எங்கள் வயல் மடையை மண் போட்டு அடைத்திருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் நாற்றங்கால் மட்டும் வெடித்தது. சில நாளில் அப்பா என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"எழுதும்மா. தெரியாம குடுத்துட்டேன், மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு."

"அது பொய்தானேப்பா?"

"நாத்து உசுரோட இருக்கணும்ல?"

அதையும் தப்பில்லாமல்தான் எழுதினேன். மடையைத் திறந்துவிட்டார்கள். அறுவடை முடிந்ததும் நிலத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டார்கள்.

ஓம்புட்ஸ்மன் விஷயத்தைச் சொன்னதும், "வேணாம் வசந்தா" என்றார் கணவர், குழறும் பேச்சில். "நாளைக்கும் அந்தப் பொண்ணுகிட்டதான போயி நிக்கணும்." எனக்கும் அதே பயம். நான்கு நாள் தாளைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் வேலை முடிந்து வந்தபோது அவர் நாற்காலியில் நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு நேரமா இப்படி இருக்கீங்க?" என்றேன். "இப்பதான்" என்றார். வேட்டியின் ஓரமெல்லாம் காய்ந்து விறைத்திருந்தது. அவரைக் கழுவி உடை மாற்றிப் படுக்க வைத்துவிட்டு வந்து எழுதினேன்.

மூன்றாவது வாரம் ஆன்னாவே கூப்பிட்டாள். "வசந்தா, ஓம்புட்ஸ்மனுக்கு எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம்" என்றேன்.

"உங்கள் மனு கிடைத்துவிட்டது. வேறொரு கோப்பில் இருந்தது. தவறு எங்களுடையது. திங்கட்கிழமை ஆள் வருவார்." சற்று நிறுத்தி, "முன்பே எழுதியிருக்கலாமே" என்றாள். அது குத்தலா, அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை ஆள் வந்தார்.

இதை ஊரில் இருக்கும் தம்பி சேகரிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவன் சின்னதாக நிலம் வாங்கி விவசாயம் செய்கிறான். வயலுக்குப் போகும் பொதுவழியை ஒருவர் வேலி போட்டு மறித்திருக்கிறார், தாலுகா ஆபீசில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்றான். "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடேன்க்கா."

"வேணாம்டா. அவங்ககிட்டயே தன்மையாப் பேசிப் பாரு" என்றேன். யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது.

அவன் கேட்டான்: "இத அங்க இருந்துகிட்டுச் சொல்றியாக்கா, இல்ல இங்க இருந்துகிட்டுச் சொல்றியா?"

சன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. போனுக்குள் அவன் வயலில் யாரோ மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தேன்.