தவசிமுத்து மெஸ்ஸுக்கு ஒரே லைன்

ஆட்டுக்கறிக் குழம்பைக் கரண்டியில் மோந்து உள்ளங்கையில் விட்டு, ஆறுவதற்குக்கூடப் பொறுக்காமல் உறிஞ்சிப் பார்க்கிறார் தவசிமுத்து. சூடு தாங்காமல் ஒரு துள்ளு துள்ளுகிறார். பிறகு கண்ணை மூடிச் சப்புக்கொட்டி, "தேவல" என்கிறார். அவ்வளவுதான். அந்த வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. அடுப்படியில் நிற்கும் மனைவி அழகுத்தாய்க்கு அது பழகிப்போய்விட்டது. "நாளைக்கு எமன் வந்து நரகம் எப்படின்னு கேட்டாலும் இவுக 'தேவல'ன்னுதான் சொல்லுவாக" என்றபடி அவர் அடுத்த சட்டியைத் திறக்கிறார்.

ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகும் பாதையில், சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே இருக்கிறது தவசிமுத்து மெஸ். ஐம்பதைத் தாண்டிய மனிதர். முழங்கைவரை மடித்த வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, சட்டைப்பையில் எப்போதும் நாலு ஏலக்காய். சாப்பிட்டு எழுந்தவர் முகம் சரியில்லை என்று பட்டால் ஒரு ஏலக்காயை எடுத்து நீட்டுவார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டால் அந்த ஆள் ஏதாவது குறை சொல்லிவிடுவானோ என்று பயம்.

போனில் பேசுவது அவருக்குத் தனி வித்தை. மணி அடித்ததும் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் எடுப்பார். ஆள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல, "ஆரு? சொல்லுங்க! எம்புட்டுப் பேரு?" என்று கத்துவார். வயர் எதற்கு, ஜன்னலைத் திறந்துவைத்தாலே போதுமே என்பார்கள் கடைக்கு வருபவர்கள்.

இப்படிப்பட்டவர் கடைக்கு இன்டர்நெட் வந்ததுதான் ஊரே வியந்த விஷயம். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த ஒரு பையன், சாப்பிட்ட கையோடு யோசனை சொல்லிவிட்டுப் போனான். எங்களைப் போல வெளிநாட்டில் கிடக்கிறவர்கள், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு அங்கிருந்தே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சொல்லிவிட ஒரு வெப்சைட் வையுங்கள் என்றான். மாசக் கணக்கை ஊரிலிருக்கும் சொந்தக்காரர்கள் தீர்த்துவிடுவார்கள் என்றும் சொன்னான். தவசிமுத்துவுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே தூங்கவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் ஜெயபாய் டீச்சரைப் போய்ப் பார்த்தார்.

டீச்சர் செய்துகொடுத்த முதல் வெப்சைட்டை ஒரு கல்யாணப் பத்திரிகை என்றே சொல்லலாம். மேலே தவசிமுத்து மாலையோடு நின்றார். கீழே குத்துவிளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. சிவப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு பக்கம். குழம்பைத் தேடிப்போனவன் ரசத்தில் போய் விழுவான். கடைசியில் வந்து சேரும் மெயிலில் அரைகுறைச் செய்திதான் இருக்கும். அப்பாவுக்குச் சாப்பாடு அனுப்பவும் என்றிருக்கும். என்ன சாப்பாடு, எத்தனை பேர் என்று இருக்காது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து மெயிலைப் பார்த்துவிட்டு, இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, தவசிமுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவார். கம்ப்யூட்டர் அவருக்குப் 'பெட்டி'. அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார். "டீச்சர், பெட்டி இன்னும் முழிக்கலியே" என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தகவல் போகும். அது முழித்து, மெயில் வந்து, அத்தனை வீட்டுக்கும் பேசி முடிப்பதற்குள் பாதிக் காலை போய்விடும்.

அந்த வீடுகளில் ஒன்று சுயம்புலிங்கம் அண்ணாச்சி வீடு. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன் அமெரிக்காவில். ஊரே போனில் இரண்டு நிமிஷம் பேசி வைத்தால், அண்ணாச்சி போன வாரச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பிப்பார்.

"ஏலே தவசி, போன வாரம் குடுத்தது ஆட்டுக்கறியா, ரப்பர் செருப்பா?"

"எளங்கறி அண்ணாச்சி."

"ஆடு எளசுதான், ஒனக்கு அவசரம்லே. சிமெண்டுக்கே பக்குவம் பாத்தவன்ட்ட கதை விடாத. பொறவு, அந்த ரசம்…"

ரசம் முடிய இன்னும் கொஞ்ச நேரமாகும். வரிசையில் மற்ற வீடுகள் காத்திருக்கும். தவசிமுத்து ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். ஆனால் போனை வைக்கும்போது அண்ணாச்சி தவறாமல், "சரி, அனுப்பி வையி. நல்லாருப்ப" என்பார். இது தவசிமுத்துவின் காதில் அப்போது ஏறியதே இல்லை. குறை மட்டும்தான் ஏறியது.

எனவே, வெப்சைட்டை மாற்றிக் கட்டலாம் என்று ஜெயபாய் டீச்சரே வந்து சொன்னபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் ஆயிற்று. "எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கொண்டுவந்துருவோம் அண்ணே. சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கணும், எத்தனை பேர்னு போடணும், ஒரு அமுக்கு. வாராவாரம் வேணும்னா அதுக்கும் ஒரு கட்டம் வச்சிருவோம். ஒருவாட்டி சொன்னாப் போதும், மறுபடி சொல்லவே வேண்டாம். சாப்பாடு கிளம்புனதும் கொடுத்தாச்சுன்னு அவுகளுக்கு ஒரு மெயில் போயிரும்" என்றார்.

தவசிமுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப வீட்டுக்கு வீடு போன் போட வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம். ஆனா காலையில பூரா பெட்டி இன்டர்நெட்லயே இருக்கணும். லைன் ஒண்ணுதான இருக்கு, அம்புட்டு நேரமும் போன் எங்கேஜாத்தான் இருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்லையாவா? அருமைல்லா!" என்றார் தவசிமுத்து. டீச்சருக்கு அன்று இரண்டு ஏலக்காய் கிடைத்தது.

வெப்சைட் மாறியது. மாலையும் குத்துவிளக்கும் போயின. அது மட்டும் அவருக்குச் சற்று வருத்தம். ஆனால் ஆர்டர் குவிந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மில் ஆபீஸ்காரர்கள்கூட, எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்திலிருந்து, வேடிக்கைக்காகவே இன்டர்நெட்டில் சாப்பாடு சொன்னார்கள். "என்ன அண்ணே, கடை போன் எப்ப அடிச்சாலும் எங்கேஜாவே இருக்கே" என்று வருகிறவர்கள் குறைப்பட்டால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குறை அவருக்கு இனித்தது. "யாவாரம் அப்படி!" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரசம் பற்றிப் பேச்சில்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த சுயம்புலிங்கம் அண்ணாச்சி, ஈரக்காலோடு கூடத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழ முடியவில்லை. பக்கத்து வீட்டார் வேன் பிடித்துப் பிளவக்கல் அணைக்குப் போயிருந்தார்கள். மதியம் டி.வி.எஸ். ஐம்பதில் சாப்பாடு கொண்டுபோன மெஸ் ஆள் குருசாமி, வாசலில் நின்று "சார், சாப்பாடு!" என்று குரல் கொடுத்தார். அதற்குள் அண்ணாச்சி வலியில் மயங்கியிருந்தார்; பதில் வரவில்லை. இன்னும் குளித்து முடிக்கவில்லை போல என்று நினைத்தார். வண்டியில் இன்னும் பல கேரியர்கள் தொங்கின. கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். கொடுத்தாச்சு என்று அமெரிக்காவுக்கு மெயில் ஏற்கெனவே போயிருந்தது. அதைப் பார்த்த மகன், அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார் என்று அன்றைக்குப் போன் பண்ணாமல் விட்டுவிட்டான்.

இருட்டும் நேரத்தில் திரும்பிவந்த பக்கத்து வீட்டார், கேட்டில் எறும்பு மொய்த்துக் கிடந்த கேரியரைப் பார்த்துத்தான் உள்ளே போனார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வந்த அன்று தவசிமுத்து குழம்பை ருசி பார்க்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். "வழக்கம்போல காலையில ஒரு போன் போட்டுருந்தா தெரிஞ்சிருக்கும்லா" என்றார். அழகுத்தாய் சமாதானம் சொல்லிப் பார்த்தார். "நீங்களா தள்ளிவிட்டீக? வழுக்கி விழுந்ததுக்கு யாரு என்ன செய்ய?" அது அவர் மனதில் ஒட்டவில்லை. மனிதர் ஒருவரின் வாய்க்குப் பயந்து அவரைப் பெட்டியிடம் தள்ளிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தன்னால் முடிந்த பரிகாரத்தை அவர் உடனே செய்தார். "ஏலே குருசாமி, இனி ஒரு வீட்லயும் கேட்ல மாட்டப்பிடாது. ஆள் முகத்தப் பாத்துத்தான் குடுக்கணும். தொறக்கலைன்னா செவரேறிக் குதி" என்று உத்தரவு போட்டார். குருசாமி இரண்டு வீட்டுச் சுவரில் ஏறி, ஒரு வீட்டில் திருடன் என்று பெயரும் வாங்கினார். பெட்டி மட்டும் பழையபடி காலை முழுக்க இன்டர்நெட்டிலேயே இருந்தது. அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி வீடு திரும்ப ஐப்பசி ஆகிவிட்டது. அதன் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, குருசாமியை அனுப்பாமல், பெட்டியை இன்டர்நெட்டிலேயே விட்டுவிட்டு, தவசிமுத்து தானே கேரியரைத் தூக்கிக்கொண்டு போனார். கூடத்துக் கட்டிலில், பாதியாக இளைத்து, தலையணையில் சாய்ந்திருந்தார் அண்ணாச்சி. கட்டிலோடு ஒட்டி நாலுகால் ஊன்றுகோல். தவசிமுத்து தட்டு எடுத்துவந்து, பிசைந்து, மடியில் வைத்துக்கொடுத்தார். அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார்.

"ரசத்துல புளி தூக்கலா இருக்குலே."

இத்தனை வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றிய ஒரு குறையைக் கேட்டுத் தவசிமுத்து சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். "கொறைச்சிருதேன் அண்ணாச்சி" என்றார். செத்த நேரம் கழித்து, மனதில் கிடந்ததை மெல்லக் கேட்டார். "அன்னைக்கு யாருக்காவது ஒரு போன் போட்டுருக்கலாம்லா? போனு பக்கத்துலதான இருக்கு."

"போடாமயா? அந்த ஸ்டூல்ல இருந்து வயரப் புடிச்சு இழுத்துக் கீழ தள்ளித்தான் எடுத்தேன்" என்றார் அண்ணாச்சி, அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டே. "மகன் நம்பரு கூட்ஸ் வண்டி கணக்கா நீளம், மனசுல நிக்காது. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது ஒன் கடை நம்பரு ஒண்ணுதான். ஒனக்குத்தான்லே அடிச்சேன். எங்கேஜு. செத்த நேரம் பொறுத்து அடிச்சேன், பொறவும் எங்கேஜு. கை ஓயிறவரைக்கும் அடிச்சேன்னு வையி."

தவசிமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து முறுக்கினார்.

"மூஞ்சிய ஏன்லே அப்படி வச்சிருக்க? ஒம்மேல ஒண்ணும் கோவமில்ல. பயலுக்கு யாவாரம் நல்லா நடக்கு போலன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த வலியிலயும் சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி.

தவசிமுத்து எழுந்தார். மூலையில் உயரமான ஸ்டூல்மேல் இருந்த போனைத் தூக்கினார். வயரைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு வந்து, கட்டிலின் தலைமாட்டில், படுத்திருக்கும் ஆளின் கை எட்டும் இடத்தில் தரையில் வைத்தார்.

"என்னலே பண்ணுத?"

தவசிமுத்து தானும் தரையில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, தன் கடை நம்பரை அடித்தார். எங்கேஜ். வைத்துவிட்டு, செத்த நேரம் பொறுத்து, மறுபடியும் அடித்தார்.