சவுரியப்பனின் குரல்

சவுரியப்பன் பெங்களூரில் எம்.எஸ்சி. படிக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேட்டூர் கரண்ட் பாலக்கோட்டுக்கு வந்த நாள் முதல் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நான் சப்ஸ்டேஷனில் சுவிட்சு போடும் ஆபரேட்டர். அவர் வெளியே கம்பிகளையும் கம்பங்களையும் கவனிக்கும் சூப்பர்வைசர். கோவிலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், ஏற்கெனவே பி.எஸ்சி. முடித்தவர். கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு மனிதர் சும்மா இருக்கக்கூடாதா? யுத்தகாலம், பெட்ரோல் கிடையாது, பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரி பஸ்ஸில் சனிக்கிழமைதோறும் ஏறி, ராயக்கோட்டை மேட்டில் இறங்கித் தள்ளிவிட்டு, மூஞ்சியெல்லாம் கரியாகப் பெங்களூர் போய்ப் படிக்கிறாராம்.

இடி விழுந்தால் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் ஒரு பீங்கான் உடைகிறது, பக்கத்துப் பீங்கான் தப்பிக்கிறது. அது ஏன் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இதற்கெல்லாமா படிப்பு என்று நான் கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார். பட்டத்தோடு வந்தால் மேட்டூர் சோதனைக்கூடத்தில் இன்ஜினீயராகப் போடுகிறேன் என்று டிவிஷன் இன்ஜினீயர் வாக்குக் கொடுத்திருந்தார். தன் கேங் ஆட்களையும் மேட்டூருக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இவர் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கேங் என்றால் மூன்று பேர். மேஸ்திரி மாது. மாரண்டஹள்ளிக்காரன் முனிராஜ், வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், வாய் ஒரு நிமிஷம் ஓயாது. மூன்றாவது வத்தல்மலைப் பொன்னன்; கம்பம் ஏறுவதில் அவனுக்கு ஈடு கிடையாது. மழை ஓய்ந்ததும் மூவரும் லைன் நெடுக நடந்து, உடைந்த பீங்கான்களைத் துண்டில் கட்டிக்கொண்டு வருவார்கள். எந்தக் கம்பம், எந்தப் பக்கம் உடைந்தது என்று பொன்னன் ஒப்பிப்பான். பாதி ஆராய்ச்சி அந்தத் துண்டில்தான் வந்து சேர்ந்தது என்று சவுரியப்பனே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் லைன் கிளியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆட்கள் கம்பத்தில் ஏறுமுன் சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்வார். நான் கரண்டை நிறுத்திவிட்டு, லைன் கிளியர் தந்தேன் என்பேன். வேலை முடிந்ததும் அதே ஆள் தன் வாயால், எல்லாரும் இறங்கியாச்சு, திருப்பித் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். வாங்கியவரைத் தவிர வேறு யார் சொன்னாலும், கவர்னரே வந்து சொன்னாலும், நான் சுவிட்சைத் தொடக்கூடாது. ஆட்களின் உயிர் அந்த ஒரு குரலில் இருந்தது.

நாற்பத்துநாலாம் வருஷம் ஆனி மாதம் பெங்களூரில் அவருக்குக் கடைசிப் பரீட்சை. பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். மேட்டூர் வேலை அதுவரை காத்திருக்காது. முதல் நாள் மத்தியானமே பஸ் ஏற வேண்டும். அன்று பார்த்துக் காற்றில் மாரண்டஹள்ளிக்கு அந்தப்பக்கம் ஒரு கம்பம் சாய்ந்துவிட்டது.

"நீங்க பஸ்ஸப் புடிங்க சார், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

"கம்பியத் தொங்க உட்டுட்டுப் போயி அங்க என்னத்தப் பேசறது பச்சியப்பா? மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்று காலையில் லைன் கிளியர் வாங்கிக்கொண்டார்.

உச்சி சாய்ந்த நேரத்தில் போன் அடித்தது. "சவுரியப்பன் பேசறேன். எல்லாரும் எறங்கியாச்சு. லைன் கிளியர் திருப்பித் தர்றேன்." அவர் குரல், அவருடைய அதே நிதானம். பஸ்ஸைப் பிடித்துவிடுவார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டேன்.

போட்ட கையை எடுப்பதற்குள் சுவிட்சு தானாகப் படாரென்று விழுந்து கரண்ட் நின்றுவிட்டது.

வழக்கமாக ஏதாவது மரக்கிளை பட்டிருக்கும். மறுபடி ஒருமுறை போட்டுப் பார்ப்போம். அன்று கை எழவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து மறுபடி போன் அடித்தது. இந்தமுறை மேஸ்திரி மாது.

"போடாதீங்க. போட்டுடாதீங்க. பொன்னன் மேல இருக்கறான்."

"சவுரியப்பன் சாரைக் கூப்புடு."

"அவரு பஸ்ல போயிட்டாருங்க."

"இப்பத்தானே என்கிட்ட பேசினாரு?"

ஓடிவந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு மாது சொன்னான்: "பேசினது முனிராஜுங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முனிராஜ் யாரைப்போல வேண்டுமானாலும் பேசுவானாம். சனிக்கிழமைகளில் டிவிஷன் ஆபீசிலிருந்து போன் வந்தால், பெங்களூரில் இருக்கும் சவுரியப்பனாக இவன் பதில் சொல்லிவிடுவானாம். ஒரு வருஷமாக நடக்கிற கூத்து எனக்கு மட்டும் தெரியாது. லைன் கிளியரில் மட்டும் அந்த விளையாட்டு கூடாது என்று சவுரியப்பன் கண்டித்து வைத்திருந்தாராம். அன்று கம்பத்தை நிமிர்த்தி முடிக்கும்போது பஸ் வந்து நின்றுவிட்டது. போன் இருந்த கொட்டகையோ வெகுதூரம். மூவரும் தரையில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இன்னிக்கி ஒரு தடவ நீயே சொல்லிடு முனிராஜ்" என்று அவர் வாயாலேயே சொல்லிப் பஸ் ஏறினார். முனிராஜ் கொட்டகைக்குப் போனான். மாது சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில் அடுத்த கம்பத்தில் விரிசல் விட்ட பீங்கான் ஒன்று பொன்னன் கண்ணில் பட்டது. சார் ஊரிலிருந்து திரும்பினால் கேட்பார் என்று கழற்றி எடுக்க ஏறியிருக்கிறான்.

பொன்னனைக் கீழே இறக்கும்போது உயிர் இல்லை.

மறுநாள் சாயங்காலம் சவுரியப்பன் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாஸ் பச்சியப்பா. எழுந்து நின்னு கை குடுத்தாங்க. பொன்னன் எங்க, அவங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றார். சொல்ல வேண்டியவன் நானாகிவிட்டேன். சொன்னேன். அவர் நம்பவில்லை. "நான் பாத்தேனே, கீழ நின்னானே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

விசாரணைக்கு டிவிஷன் இன்ஜினீயர் வந்தார். லைன் கிளியரைத் திருப்பித் தந்தது யார் குரல் என்று என்னைக் கேட்டார். சவுரியப்பன் குரல் என்று கேட்டதைச் சொன்னேன். முனிராஜ் ஓரடி முன்னால் வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் சவுரியப்பன் முந்திக்கொண்டார்.

"வாங்குனது நான், குடுக்க வேண்டியதும் நான். அது என் குரல்தாங்க. வேற யாரையும் கேக்க வேண்டாம்."

அந்த நேரத்தில் அவர் பஸ்ஸில் இருந்தது கண்டக்டருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். முனிராஜ் ஜெயிலுக்குப் போகாமல் இருக்கத் தன் கழுத்தைக் கொடுக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவிமனிதா, ஒரு வருஷம் கரி பஸ் தள்ளியது இதற்குத்தானா என்று கத்தவேண்டும் போல இருந்தது. இன்ஜினீயர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேட்டூர் வேலையும் போயிற்று, இருந்த வேலையும் போயிற்று.

சவுரியப்பன் வெளியே வந்தபோது கேட்டருகில் பொன்னன் மனைவி சென்னம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கைநாட்டு வைக்க அவளை மலையிலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்து நாங்கள் எல்லாரும் பக்கத்தில் போனோம். அவரும் அதற்காகவே போய் நின்றார் என்று தோன்றியது.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்:

"பரிச்ச என்னாச்சுங்க சார்? பட்டம் கெடச்சிருச்சுங்களா?"

சவுரியப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப சரிங்க. அவரு அதுக்குத்தான் பயந்துக்கிட்டே இருந்தாரு" என்று சொல்லிவிட்டு அவள் மலைப்பாதையைப் பார்க்க நடந்தாள். விசாரணையில் கண்கூடக் கலங்காத சவுரியப்பன், அத்தனை பேர் பார்க்க, அந்தப் புழுதியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.