முதல் செம்புத் தண்ணீர்

சித்தப்பா மகள் தேவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து மனையில் போர் போட்டார்கள். முக்காலியில் தொங்கும் இரும்பு உளியை வடத்தால் தூக்கித் தூக்கிப் போடும் பழைய முறை. அந்தத் 'தொம்' சத்தம் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் இதே சத்தத்தை முதலில் கேட்டபோது எனக்குப் பத்து வயது. முதலில் எங்கள் நிலத்தில்தான் முக்காலி நின்றது. பன்னிரண்டு நாள் இடித்தும் சாம்பல் நிறக் கல்மாவுதான் வந்தது. அதே முக்காலியை வரப்பைத் தாண்டி சித்தப்பா நிலத்தில் நிறுத்தினார்கள். நான்காம் நாளே தண்ணீர்.

முதல் தண்ணீர் அண்ணன் வீட்டுக்குத்தான் என்று சித்தப்பா கொடுத்தனுப்ப, தேவி செம்போடு வந்தாள். ஈரப் பாவாடை, முகமெல்லாம் சிரிப்பு. அப்பா குடித்துவிட்டு, "இளநி மாதிரி இருக்குதும்மா," என்றார். நானும் ஒரு வாய் குடித்தேன். தித்தித்தது.

"உப்பு ஜாஸ்தி. எனக்கு ஒத்துக்காது," என்றேன். சொன்ன வாய்க்காகவே கல்யாணமாகும்வரை ஏரிக்கரைக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தேன்.

சித்தப்பாவின் அந்த நிலத்தில்தான் தேவி இப்போது வீடு கட்டியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் மகனைக் கூப்பிட்டாள். "பெரிம்மாவுக்கு நம்ம போர் தண்ணி ஒத்துக்காதுடா. கடையில பாட்டில் வாங்கினு வா."

வாங்கி வந்தான். நான் அதைக் குடித்துக்கொண்டிருக்க, வாசல் குழாயைத் திறந்துவிட்டு தேவி அந்தப் போர் தண்ணீரில் சாவகாசமாகக் கால் கழுவினாள்.