மேசை விளக்குக்கு விழுந்த ஒரு வாக்கு

அடையாறு அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தது நான்தான். வாடிக்கையாளர் என்று நினைத்து, "டிராயிங் நாளைக்குத்தான்" என்று வெட்டினேன். பேசியது எங்கள் வரைவாளர் சபாபதியின் மைத்துனர். "அத்தான் தவறிட்டாரு சார். மாரடைப்பு." நாளைக்கு என்று நான் சொன்ன அந்த டிராயிங், சபா சார் பாதி வரைந்து வைத்திருந்தது.

அழுது எழுத எனக்கு வராது. அவரைத் தெரிந்தவர்கள் அவரை நினைத்தால் சிரிக்கத்தான் செய்வீர்கள். அதனால் தேர்தல் கதையையே சொல்கிறேன்.

நான் பொறியாளராகச் சேர்ந்ததும் வரைபடப் பிரிவில் ஒரு விதி போட்டேன்: திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும். எல்லோரும் முணுமுணுத்தார்கள். சபா சார் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டார். கேன்டீன் சீட்டில் இட்லியை அடித்து வடை என்று எழுதினாலும் ஓரத்தில் அவருடைய 'த.ச.' இருக்கும்.

மாலையில் மந்தைவெளியில், தன் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், முதல் ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசுவார்.

"செல்லாத ஓட்டுன்னா இன்னா சார்?"

"ரெண்டு சின்னத்துல முத்திரை குத்தினா யாருக்குன்னு தெரியாது, செல்லாது. யார் போட்டதுன்னு தெரியற மாதிரி கிறுக்கினாலும் செல்லாது. ரகசியம் போச்சில்ல? என் பொண்டாட்டி யாருக்குப் போட்டான்னு நானே கேக்கக் கூடாது."

"சுயேச்சைன்னு ஒண்ணு கீதே. கட்சி இல்லாம எவன் சார் நிப்பான்?"

"நான் நிக்கிறேன்டா."

வாய் தவறி வந்ததுதான். ஆனால் நின்றார். பல ஆண்டுகளுக்குப் பிறகு மாநகராட்சித் தேர்தல் வந்த நேரம் அது. வேட்புமனு, முன்மொழிபவர், டெபாசிட், சின்னம் என்று ஒவ்வொன்றையும் செய்துவிட்டு வந்து பிள்ளைகளுக்கு விளக்கினார். கிடைத்த சின்னம் மேசை விளக்கு. அவர்களிடம் மட்டும் ஓட்டுக் கேட்கவில்லை. "பாடம் நடத்துற இடத்துல பிரசாரம் பண்ணக் கூடாது" என்றார். வேறு எங்கும் பண்ணவும் இல்லை.

அவர் மனைவி வசந்தா அக்கா என் எதிரிலேயே கேட்டார். "கொடியில்ல, கூட்டமில்ல. உங்களுக்கு யாரு போடுவா?"

"நீ போட மாட்டியா?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னுதானே தினமும் கீழ நின்னு கத்தறீங்க."

அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் கவலை. "தோக்கறது நிச்சயம்தான் தம்பி. வசந்தா போடுவாளா?" ஸ்கேலை வைத்துக்கொண்டு அதையே கேட்பார். எரிச்சலாக வரும். முன்மொழிந்த மளிகைக்கடைக்காரரோ வாக்குப்பதிவன்று திருப்பதிக்குப் போய்விட்டார்.

எண்ணிக்கைக்கு அவருடைய முகவராக நான் உள்ளே இருந்தேன். செல்லாதவற்றைப் பிரித்துக்கொண்டிருந்த அதிகாரி ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார். "யாருய்யா இது, கையெழுத்தெல்லாம் போட்டிருக்கறது?" பக்கத்துச் சின்னத்தில் தவறி விழுந்த முத்திரையை ஒரே நேர்க்கோட்டால் அடித்து, விளக்கில் ஒழுங்காகக் குத்தி, ஓரத்தில் பளிச்சென்று 'த.ச.'.

முடிவு வந்தது. மேசை விளக்குக்குச் செல்லுபடியான வாக்கு ஒன்று.

வாசலில் நின்றவரிடம் சொன்னேன். முகம் தொங்கிவிட்டது. "அது என்னோடதுதான்."

"உங்களோடது செல்லாது சார். இனிஷியல் போட்டிருக்கீங்க."

"திருத்தினா போடணும்னு நீதானேப்பா ரூல் போட்ட" என்று கோபமாக ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். "அப்ப அந்த ஒண்ணு?"

டெபாசிட் இழந்த வேட்பாளர் ஒருவர் மந்தைவெளி வரை சிரித்துக்கொண்டே நடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மறுநாள் மாலை அந்தப் பிள்ளைகளிடம் தன் ஓட்டு செல்லாமல் போன கதையை அவரே சொன்னார். கூரை அதிரச் சிரித்தார்கள்.

காரியம் முடிந்த அன்று வசந்தா அக்கா காபி கொடுத்தார். "அந்த ஒரு ஓட்டு யாரோடதுன்னு இப்ப சொல்லட்டுமா தம்பி?"

எதற்கும் உடனே விடை வேண்டும் எனக்கு. ஆனாலும், "வேணாம்க்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். "அவரும் காதைப் பொத்திக்கிட்டாரு."

அவர் விட்டுப்போன டிராயிங்கை நான் முடித்துவிட்டேன். அவர் கோடு ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தையும், கேட்காமல் விட்ட அந்தப் பதிலையும் நான் வைத்துக்கொள்கிறேன்.